பூர்ஸ்

என் வயதை ஒட்டிய புதுச்சேரிக்காரர்களுக்கு 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல் பிற்பாடு வந்து சேர்ந்ததுதான். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'பூர்ஸ்'. "அவனுக்கென்ன, பூர்ஸில் படிக்கிறான்" என்று சொன்னால் இரண்டு அர்த்தம். ஒன்று, பையன் கெட்டிக்காரன். இன்னொன்று, வீட்டில் வசதி இல்லை. சொல்பவர் குரலை வைத்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பூர்ஸ் என்றால் பணப்பை. லத்தீனில் தோல்பையைக் குறித்த சொல். பங்குச் சந்தைக்கும் பிரெஞ்சில் இதே பெயர்தான். பாரீசில் 'பூர்ஸ் எங்கே இருக்கிறது?' என்று ஏழை மாணவன் கேட்டால் பங்கு வியாபாரிகள் கட்டடத்துக்கு வழிகாட்டுவார்கள் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கேலி செய்வார்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்ன இருக்கிறது, எப்படி வாங்குவது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலர், பேரன் பேத்திகளுக்காகக் கேட்டிருந்தீர்கள். நான் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டதால் இன்றைய விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதை என்னைவிட உங்கள் பேரப்பிள்ளைகளே நன்றாகச் சொல்வார்கள். ஆனால் இந்த உதவித்தொகை எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கதை எனக்குப் பிடித்த கதை. அதைச் சொல்கிறேன்.

பாரீசில் 1257-ஆம் ஆண்டுவாக்கில் ரோபேர் தெ சொர்போன் என்ற பாதிரியார் ஒரு கல்லூரி தொடங்கினார். இன்று உலகமே அறிந்த சொர்போன் அதுதான். அவரே ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இறையியல் படிக்க வந்து, தங்க இடமும் சாப்பாடும் இல்லாமல் அலைந்த மாணவர்களுக்காகவே அதை ஏற்படுத்தினார். அந்தக் காலத்து ஐரோப்பியக் கல்லூரிகள் பல இப்படித் தர்ம சத்திரம் மாதிரித் தொடங்கியவைதான். யாரோ ஒரு பிரபுவோ பாதிரியாரோ சொத்து எழுதிவைப்பார், அதன் வருமானத்தில் இத்தனை மாணவர்கள் படிக்கலாம் என்று கணக்கு. நம் ஊர்களில் சத்திரத்துக்கும் வேத பாடசாலைக்கும் நிலம் எழுதிவைத்ததைப் போலத்தான். கொடுப்பவர் தர்மம் செய்கிறார், வாங்குபவர் நன்றிக்கடன் படுகிறார்.

இதை அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியவர் நெப்போலியன். 1802 மே 1-ஆம் தேதியிட்ட சட்டம் பிரான்சில் லிசே என்ற உயர்நிலைப் பள்ளிகளை உருவாக்கியது. அந்தச் சட்டத்திலேயே 6,400 பூர்ஸ் என்று எண்ணிக்கையும் போட்டுவிட்டார்கள். அதில் 2,400 இடங்கள் படைவீரர்கள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு. மீதி 4,000 இடங்கள் பரீட்சை எழுதித் தேறியவர்களுக்கு. நெப்போலியன் ஏழைகள் மேல் உருகிப்போய் இதைச் செய்ததாக நான் நம்பவில்லை. அவருக்கு அதிகாரிகளும் படைத் தலைவர்களும் வேண்டியிருந்தது. ஆனாலும் ஒன்று நடந்தது. எத்தனை பேருக்கு, யாருக்கு, எந்தத் தகுதியில் என்று அச்சில் வந்துவிட்டது. அச்சில் வந்ததைக் காட்டி ஒருவன் கேட்கலாம். தர்மப் பிரபுவிடம் அப்படிக் கேட்க முடியாது.

பிரான்சில் லிசேயில் படிக்கச் சம்பளம் கட்ட வேண்டிய காலம் 1930 வரை இருந்தது. 1933-க்குள்தான் அது படிப்படியாக ஒழிந்தது. ஆகவே அதற்கு முந்தைய தலைமுறையில் ஏழை வீட்டுப் பையன் லிசேக்குள் நுழைய ஒரே வாசல் பூர்ஸ் பரீட்சை. தொடக்கப் பள்ளி இலவசம்தான், ஆனால் அது பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முடிந்துவிடும். அதற்கப்புறம் பட்டறைக்கோ கடைக்கோ போக வேண்டியதுதான். 1927-இல் அல்பேர் திபோதே என்ற விமரிசகர் பிரெஞ்சுப் படிப்பாளிகளை இரண்டாகப் பிரித்தார்: சொத்துள்ள வீட்டில் பிறந்த வாரிசுகள் ஒரு பக்கம், பூர்ஸில் ஏறி வந்தவர்கள் இன்னொரு பக்கம்.

அந்த இரண்டாம் பக்கத்தில் நின்றவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அல்பேர் காம்யு. அவர் பிறந்தது பிரான்சில் அல்ல, நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், 1913-இல். மறு ஆண்டே தந்தை மார்ன் போரில் காயம்பட்டு இறந்துபோனார். தாய்க்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது, வீடுகளில் வேலை செய்து சம்பாதித்தார். வீட்டை ஆண்டது பாட்டி. அல்ஜியர்ஸ் நகரில் பெல்கூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு குடும்பம். இந்தக் குடும்பத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நம் முத்தியால்பேட்டைச் சந்துகளில் ஒன்றைத்தான் நான் மனத்தில் பார்க்கிறேன்.

போரில் தந்தையை இழந்த பிள்ளைகளைத் தேசத்தின் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளும் சட்டம் 1917-இல் பிரான்சில் வந்தது. காம்யு அதில் சேர்ந்தவர். திறமை இருந்தது, பரீட்சை இருந்தது. ஆனாலும் அவர் லிசேக்குப் போயிருக்க மாட்டார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. பையன் வேலைக்குப் போய் நாலு காசு கொண்டுவர வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. அது கொடுமை அல்ல. ஆறு வருஷம் லிசே என்றால் ஆறு வருஷம் ஒரு வருமானம் இல்லை. பூர்ஸ் பள்ளிச் சம்பளத்தைக் கொடுக்கும், மதியச் சாப்பாட்டைக் கொடுக்கும், பையன் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியைக் கொடுக்காது. உதவித்தொகைத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்றைக்கும் மறந்துவிடுகிறார்கள்.

லூயி ழெர்மேன் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் அந்த வீட்டுக்கே போனார். பாட்டியோடு உட்கார்ந்து பேசினார், சம்மதம் வாங்கினார். பள்ளி நேரத்துக்கு அப்புறம் காசு வாங்காமல் பரீட்சைக்குத் தயார் செய்தார். 1924-இல் பையன் தேறினான். லிசேயில் சேர்ந்த பிறகும் பாட்டி முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. கோடை விடுமுறைகளில் இரும்புச் சாமான் கடையிலும் கப்பல் தரகர் அலுவலகத்திலும் பையன் வேலை பார்க்க வேண்டியிருந்தது. 1957-இல் நோபல் பரிசு வந்தபோது, ஆரவாரம் அடங்கியதும், நவம்பர் 19-ஆம் தேதி தன் பழைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார் காம்யு. தாயை நினைத்தேன், அடுத்து உங்களை நினைத்தேன் என்பது அதன் சாரம். ஸ்வீடனில் ஆற்றிய உரைகள் புத்தகமானபோது அதைச் சமர்ப்பித்ததும் ழெர்மேனுக்குத்தான். லிசேயில் முதல் நாள் படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தை நிரப்பும்போது பட்ட கூச்சத்தை, அவர் இறந்து பல ஆண்டுக்குப் பின் 1994-இல் வெளிவந்த முடிவுறாத நாவலில் எழுதியிருக்கிறார். படிவம் நிரப்ப வைப்பதே என் தொழிலாக இருந்ததால் அந்தப் பக்கம் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

இங்கே நம் பக்கத்துக்கு வருகிறேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த ராமானுஜனுக்கும் உதவித்தொகை இருந்தது. சுப்பிரமணியம் உதவித்தொகை என்று பெயர். தந்தை துணிக்கடையில் கணக்கெழுதியவர். உதவித்தொகை இருந்ததால்தான் கல்லூரி. ராமானுஜன் கணக்கைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை, ஆங்கிலத்தில் தவறினார், தொகை நின்றது. அம்மா கோமளத்தம்மாள் நேரே கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போய்விட்டார். முதல்வர் மரியாதையாகப் பேசினார், விதியைச் சொன்னார், அனுப்பிவைத்தார். கல்லூரியில் ஒரு தவணைக்கான சம்பளம் தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்குச் சமம் என்பார்கள். 1905-இல் பையன் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டான். அடுத்த வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை.

அந்த முதல்வரைத் திட்டுபவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். விதியில் 'எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும்' என்று இருந்தால், 'கணக்கில் மேதை என்றால் பரவாயில்லை' என்று எழுத அவருக்கு அதிகாரம் கிடையாது. விதியை மீறாமல் விதியைத் தாண்டுவதற்கு வேறு ஒரு வகை ஆள் வேண்டும். ராமானுஜனுக்கு அந்த ஆட்கள் கிடைக்க இன்னும் ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

முதலில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். கணக்கில் ஈடுபாடு உள்ளவர். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்தே கொடுத்தார். இது பழைய தர்மப்பிரபு வழி. ராமானுஜனுக்கு அது உறுத்தியது. வேலை தேடிக்கொண்டார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மூன்றாம் வகுப்பு எழுத்தர், மாதம் 30 ரூபாய். நம் எழுத்தர் குலத்துக்கு இதைவிடப் பெருமை வேறு இல்லை என்று நான் அலுவலகத்தில் அடிக்கடி சொல்வேன், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் கணக்குப் படித்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காது கொடுத்துக் கேட்பவர். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு சென்னையில் நடந்த காகித வேலைதான் எனக்குச் சுவாரசியம். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை என்று ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். நம் ஆளோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர். பல்கலைக்கழகம் தொடங்கிய சட்டத்தின் நோக்கத்திலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது என்று இருக்கிறதே என்று கூட்டத்தில் எடுத்துக்காட்டி, விதிவிலக்குக்கு வழி செய்தார்கள். விதிக்கு மேலே இருக்கும் சட்டத்தைப் பிடித்தார்கள். கோப்பு பார்த்தவர்களுக்கு இந்த வித்தையின் அருமை தெரியும். 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. எழுத்தர் சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு.

மறு ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து சொற்பொழிவாற்ற வந்த நெவில், ராமானுஜனைச் சம்மதிக்க வைத்ததோடு பல்கலைக்கழகத்துக்கும் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன், கப்பல் செலவு தனி. 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார். ஏறுமுன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: அந்த உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். பெல்கூர் பாட்டியின் கணக்கைச் சொன்னேன் அல்லவா? கும்பகோணம் வீட்டிலும் அதே கணக்குதான். இங்கே உதவித்தொகையே அதைத் தீர்த்துவைத்தது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு கடிதம் உண்டு. 1918 இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மேலும் ஐந்து வருஷத்துக்கு ஆண்டு 250 பவுன் தருவதாக முடிவு செய்தது. உடம்பு முடியாமல் இங்கிலாந்தில் மருத்துவ விடுதியில் இருந்த ராமானுஜன், 1919 ஜனவரி 11-ஆம் தேதி பதிவாளர் டியூஸ்பரிக்குப் பதில் எழுதினார். தொகை தன் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன், தன் அவசியச் செலவு, இவை போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தச் சொன்னார். அடுத்த வருஷம் ஏப்ரல் 26-இல் 32 வயதில் போய்விட்டார். உதவித்தொகை நின்றுபோனதால் பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடியவர், முப்பத்தொன்றில், படுக்கையில், மற்றப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைப் பற்றி யோசித்திருக்கிறார். எண் கோட்பாடு எனக்குப் புரியாது, இந்தக் கடிதம் புரிகிறது.

ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு முந்தைய வருஷம், 1913-இல், பம்பாயிலிருந்து இன்னொருவர் நியூயார்க் போனார். அம்பேத்கர். அவருக்கும் ஒரு ழெர்மேன் இருந்தார். கேளுஸ்கர் என்ற ஆசிரியர். பூங்காவில் தனியே படித்துக்கொண்டிருந்த பையனைக் கவனித்துப் பழகியவர், பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாடிடம் சொல்லி, பி.ஏ. படிக்க மாதம் 25 ரூபாய் கிடைக்க வழி செய்தார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷம். நிபந்தனை: திரும்பிவந்து பரோடா அரசில் பத்து வருஷம் வேலை செய்ய வேண்டும்.

1917-இல் நிபந்தனைப்படி பரோடா போனார். அந்தக் காலத்து இந்தியாவில் அவ்வளவு படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி சத்திரத்தில் தங்கி, சாதி தெரிந்ததும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். பத்து வருஷ வேலை சில நாட்களில் முடிந்தது. உதவித்தொகை ஒருவனை நியூயார்க் வரை கொண்டுபோகும், திரும்பிவந்து ஒரு வாடகை அறையை வாங்கித் தராது. அவரே இதை எழுதிவைத்திருக்கிறார்.

அவர் அதை மறக்கவில்லை என்பது 1942-இல் தெரிந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரான சில மாதங்களிலேயே, பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து லின்லித்கோவுக்கு ஒரு விரிவான மனுக் கொடுத்தார். அதில் உயர்கல்விக்கு அரசாங்கமே ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான, பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்று சொல்வது அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு பழங்குடியினருக்கும் நீண்டது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கேளுஸ்கரும் ஒரு மகாராஜாவும் கிடைத்த தற்செயலால் படித்தவர், அந்தத் தற்செயல் இல்லாத பிள்ளைகளுக்காக அரசாங்கக் கணக்கில் ஒரு தலைப்பை உண்டாக்கிவிட்டுப் போனார்.

இடையில் வந்த மற்றத் திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாம்செட்ஜி டாட்டா 1892-இல் ஏற்படுத்திய நிதி, வெளிநாட்டில் படிக்கக் கடனாகக் கொடுப்பது. பள்ளிச் சம்பளம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட கே.ஆர்.நாராயணன், 1945-இல் டாட்டா உதவியோடுதான் லண்டன் போனார். பிற்பாடு ஜனாதிபதி ஆனது நாம் பார்த்தது. மத்திய அரசு 1963-இல் வட்டியில்லாக் கடன் உதவித்தொகை என்று ஒன்று கொண்டுவந்தது. வாங்கியவர் படிப்பு முடித்து ஆசிரியராகப் போனால், வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. நல்ல யோசனை. வசூல் செய்வதுதான் நடக்கவில்லை. ஊர் மாறிப்போனவரைத் தபால் அட்டை போட்டுத் தேடிக்கொண்டிருந்தால் என்ன வசூலாகும்? திட்டம் நின்றுபோனது. 2001-இலிருந்து வங்கிகளின் கல்விக் கடன் வந்தது. அது உதவித்தொகை அல்ல, கடன், வட்டியுள்ள கடன். கல்லூரிக்காரர்கள் இரண்டையும் ஒரே துண்டறிக்கையில் போட்டு 'நிதியுதவி' என்று தலைப்புக் கொடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகளிடம் இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தனி விசித்திரம் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது, இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. இப்படிப் பிரிந்த குடும்பங்கள் உங்களுக்கே தெரியும். அண்ணன் பேரன் லிசேயில் படித்தால், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தூதரகத்தின் வழியாகப் பிரெஞ்சு அரசின் பூர்ஸ். தம்பி பேத்தி அரசுப் பள்ளியில் படித்தால் நலத்துறை உதவித்தொகை. ஒரே தெரு, ஒரே கொள்ளுத்தாத்தா, இரண்டு நாட்டுக் கருவூலம். எந்தப் பணப்பை திறக்கும் என்பதை, இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முந்திப் போட்ட ஒரு கையெழுத்து தீர்மானித்துவிட்டது.

இன்னொரு விசித்திரம் பெயர். பிரெஞ்சுப் பதிவேட்டில், எத்தா சிவிலில், 'ராமசாமி' என்று எழுத இரண்டு 'எஸ்' போடுவார்கள். ஒன்று போட்டால் பிரெஞ்சு உச்சரிப்பில் 'ஸ' என்பது 'ஜ' போலக் கேட்கும். 'சு' என்று எழுத 'எஸ், ஓ, யு' மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் ஒரு 'எஸ்', ஒரு 'யு' போதும். போதாக்குறைக்கு நம் இனிஷியல் பழக்கம் பிரெஞ்சுப் பதிவேட்டில் கிடையாது. தாத்தா பெயர் ஒரு மாதிரி, அப்பா பெயர் ஒரு மாதிரி, பிள்ளை பெயர் ஒரு மாதிரி. மூன்று காகிதத்தையும் அருகருகே வைத்தால் மூன்று வேறு குடும்பங்கள் போல இருக்கும்.

நான் பணியில் இருந்த காலத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகத்தில், இதற்காகவே ஒரு பெண்ணின் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்தேன். தகப்பனார் பெயரில் ஓர் 'எஸ்' அதிகம். பிரமாணப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தாள், நிதியாண்டு முடிந்திருந்தது. ஒதுக்கிய பணம் கருவூலத்துக்குத் திரும்பியது. எங்கள் மொழியில் 'லாப்ஸ்' ஆகிவிட்டது. இரண்டாம் ஆண்டு அந்தப் பெண் கல்லூரிக்கு வரவில்லை. எந்த அதிகாரியும் விதியை மீறவில்லை. கும்பகோணம் முதல்வர் போலத்தான் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

போஸ்ட் மெட்ரிக் பணம் ஏன் தாமதமாக வந்தது என்று நீங்கள் கேட்டதுண்டு. அதற்கும் காரணம் இருந்தது. பல வருஷமாக மத்திய அரசு, போன ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டுச் செலவை மாநிலத்தின் பொறுப்பு என்று ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் ஆகும் தொகையை மட்டும் கொடுத்துவந்தது. மாணவர்கள் பெருகப் பெருக மாநிலத்தின் சுமை ஏறியது, பாக்கி விழுந்தது. 2020 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை 60-க்கு 40 என்று நிலையான பங்கு வைத்து, பணத்தை மாணவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப முடிவு செய்தது. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய்.

தமிழ்நாட்டில் 2010-இலிருந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை இருக்கிறது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய். 2024-இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இந்த மாதா மாதம் 1,000 ரூபாய் எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டணத்துக்கு அல்லாமல் பிள்ளையின் கையில் விழும் பணம் இது. பாட்டியின் கணக்கை யாரோ ஒருவர் கடைசியில் புரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் பாகூர், வில்லியனூர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நம் கிராமமும் தமிழ்நாட்டுக் கிராமமும் வரப்புக்கு வரப்பு மாறி மாறி வருகின்றன. தமிழ்நாட்டுத் திட்டம் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். சென்டாக் வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் நம் பிள்ளைகளுக்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் தனி நிதியுதவி இருக்கிறது. எந்தப் பக்கம் என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

மத்திய அரசுத் திட்டங்கள் பலவற்றுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளம்தான் வாசல். சாதி, இருப்பிடம், வருமானம் ஆகிய மூன்று சான்றிதழையும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் தாலுக்கா அலுவலக வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வங்கிக் கணக்கு பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும், ஆதாரோடு இணைந்திருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். 'எஸ்' எத்தனை என்று எண்ணுங்கள். வித்தியாசம் இருந்தால் இந்த ஏப்ரலிலேயே நோட்டரியிடம் போய்விடுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளை இல்லாவிட்டால், எதிர்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும். அந்தப் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள்.